தோற்றவனும் மாலைவரை இருக்க வேண்டும்

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து விளையாட்டுக் கழகச் செயலாளர் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்கப் படைத்தளங்களில் சிப்பாய்களுக்கு வீடியோ கேம் போட்டிகள் ஒழுங்காக நடக்கின்றன என்றும், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்றும் கேள்விப்பட்டோம். அவர்கள் எப்படி நடத்துகிறார்கள்? அதே முறை எங்கள் ஊருக்குச் சரிவருமா? பக்கத்து இராணுவ முகாமில் மண்டபமும் ஜெனரேட்டரும் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம் என்று கழகத்தில் ஒருவர் சொல்கிறார். கேட்கலாமா?"

தம்பி, 2012 முதல் 2017 வரை குவைத்தில் ஓர் அமெரிக்கப் படைத்தளத்தின் பொழுதுபோக்கு மண்டபத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். இலங்கை, இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ் ஆட்கள்தான் அங்கே கதிரை அடுக்குவதிலிருந்து போட்டிக்குப் பெயர் பதிவதுவரை எல்லாம் செய்தோம். ஊர் திரும்பிய பிறகு கிளிநொச்சியில் ஐந்து முறை போட்டி நடத்தியிருக்கிறேன். இரண்டு இடத்திலும் கண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் படையில் வீடியோ கேமுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, ஏற்கெனவே படையில் இருப்பவர்களின் மனச்சோர்வைத் தணிப்பது. இதை எம்.டபிள்யூ.ஆர். என்ற பிரிவு பார்க்கிறது: மனவுறுதி, நலன், பொழுதுபோக்கு என்பதன் சுருக்கம். 1941இல் தொடங்கிய யூ.எஸ்.ஓ. என்ற தொண்டு அமைப்பும் தளங்களில் இளைப்பாறும் நிலையங்களை நடத்துகிறது. மற்ற வேலை ஆட்சேர்ப்பு. 2018ஆம் நிதியாண்டில் 76,500 பேரைச் சேர்க்க வேண்டிய அமெரிக்கத் தரைப்படைக்கு ஏறக்குறைய 6,500 பேர் குறைந்தார்கள். அந்த ஆண்டுதான் ஆட்சேர்ப்புக் கட்டளைப் பிரிவின்கீழ் ஈ-ஸ்போர்ட்ஸ், அதாவது வீடியோ கேம் போட்டி, அணி ஒன்றையும் அமைத்தார்கள். 2020இல் ட்விட்ச் என்ற விளையாட்டு நேரலைத் தளத்தில் அந்த அணியின் நேரலையில் போர்க்குற்றங்களைப் பற்றிக் கேட்டவர்கள் தடைசெய்யப்பட்டதால் பெரிய சர்ச்சை எழுந்தது. அங்கே ஆட்சேர்ப்புக்குப் பணம் செலவிடுவதை நிறுத்தும் திருத்தம் பிரதிநிதிகள் சபைவரை போய், 126க்கு 292 என்ற வாக்கில் தோற்றது. இந்த இரண்டாவது வேலையிலிருந்து நாம் கற்க எதுவும் இல்லை. கற்க வேண்டியது முதலாவதிலிருந்து. உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதுவே அடிப்படை. அதற்குப் பிறகு வருகிறேன்.

படைப்பிரிவுகளுக்கிடையே பெரிய போட்டிகளும் நடக்கின்றன. 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் ஹேலோ இன்ஃபினிட் விளையாட்டில் எல்லாப் படைகளும் மோதின. அது மேடை, ஒளிவிளக்கு, நேரலை எல்லாம் உள்ள திருவிழா. நான் வேலை செய்த மண்டபத்தில் நடந்தது வேறு. கதவில் ஒட்டிய தாள் ஒன்று, நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனை ஒன்று, வெள்ளைப் பலகை ஒன்று, நான்கு திரைகள். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து, சப்பாத்தில் மணல் ஒட்டியபடியே வந்து பெயர் எழுதுவார்கள். இரவு வேலைக்காரர்களுக்காக அதே போட்டியைக் காலையில் இன்னொரு தடவை வைப்போம். பரிசு ஒரு ரீ-சேர்ட்டோ, தளத்துக் கடையில் செல்லும் 25 டாலர் அட்டையோதான். அதற்காக யாரும் வரவில்லை. தன் கட்டிலில், தன் கைபேசியில், தனியாகக் கிடப்பவனை எழுப்பி இன்னொருவன் பக்கத்தில் உட்கார வைப்பதற்குத்தான் அந்தப் போட்டி. எங்கள் மேற்பார்வையாளர் ஒரு வயதான பெண்மணி. போட்டி முடிந்ததும் யார் வென்றார் என்று கேட்கவே மாட்டார். "தோற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் மண்டபத்தில் இருக்கிறார்கள்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் கேள்வியை நான் உங்களுக்கும் தருகிறேன். போட்டியின் ஒவ்வொரு முடிவையும் அதில் வைத்து அளந்து பாருங்கள்.

தோற்றால் வெளியே என்ற முறையில் 16 பேர் விளையாடினால் மொத்தம் 15 ஆட்டங்கள். முதற்சுற்று முடிந்தவுடன் எட்டுப் பேர் வீட்டுக்குப் போகலாம். விசுவமடுவிலிருந்தும் முள்ளியவளையிலிருந்தும் பஸ் ஏறி வந்த பையனுக்கு இருபது நிமிட விளையாட்டு மட்டும் கிடைக்கும். கிளிநொச்சியில் முதல் தடவை நான் செய்த தவறு இதுதான். மூன்று மணிக்கு மண்டபம் பாதி காலி, இறுதியாட்டத்தைப் பார்க்க ஒன்பது பேர்.

பிறகு தளத்து முறைக்கு மாறினேன். 16 பேரை நால்வர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு திரை. குழுவுக்குள் எல்லோரும் எல்லோருடனும் மோதினால் ஆறு ஆட்டங்கள், நான்கு குழுவுக்கு 24. எவ்வளவு மோசமாக விளையாடுபவனுக்கும் மூன்று ஆட்டம் உறுதி. ஒவ்வொரு குழுவிலும் முதல் இருவர் தங்கக் கிண்ணத்துக்குப் போகட்டும், மற்ற இருவர் வெள்ளிக் கிண்ணத்துக்குப் போகட்டும். யாரும் வெளியேறுவதில்லை. நேரம் கூடிவிடும் என்று நினைப்பீர்கள். கணக்குப் பாருங்கள். உதைபந்தாட்ட விளையாட்டில் ஒரு பாதியை ஆறு நிமிடமாக வைத்தால், அணி தெரிவு, இடைவேளை எல்லாம் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு இருபது நிமிடம் போகும். குழு ஆட்டங்களுக்கு ஆறு தவணை, இரண்டு மணி நேரம். தங்கக் கிண்ணம் மட்டும் என்றால் அதற்குமேல் மூன்று தவணை. வெள்ளிக் கிண்ணத்தையும் சேர்த்தால் நான்கு, ஏனென்றால் காலிறுதியில் எட்டு ஆட்டங்கள் இரண்டு தவணையாகும், அரையிறுதி நான்கும் ஒரே தவணையில் நான்கு திரைகளிலும் முடிந்துவிடும். எட்டுப் பேரை மண்டபத்தில் வைத்திருக்க நீங்கள் கொடுக்கும் விலை வெறும் இருபது நிமிடம். இரண்டு இறுதியாட்டங்களையும் எல்லோரும் பார்க்கத் தனித்தனியாக வைத்தால் நாற்பது. பிற்பகல் ஒன்றரைக்குத் தொடங்கினால் இடையில் வடை, தேநீருக்கு நேரம் விட்டும் இருட்டுமுன் முடிக்கலாம்.

பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் அவர்களுடைய குழுக்களைக் காலையில் வையுங்கள். தளத்தில் இரவு வேலைக்காரருக்குக் காலைப் போட்டி வைத்ததும் இதே நியாயத்தில்தான்: வரமுடியாதவரைக் குறை சொல்லாமல் நேரத்தை மாற்றுவது. கிளிநொச்சியில் இரண்டாவது முறை காலையில் வைத்தபோது பதினொரு பெண் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கு முந்திய தடவை ஒருவரும் வரவில்லை.

எந்த விளையாட்டு என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரே அறையில், இணையம் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் இருந்து விளையாடக்கூடியது. அதாவது உதைபந்தாட்டம். முன்பு ஃபிஃபா என்ற பெயரில் வந்து, 2023இலிருந்து ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. என்று பெயர் மாறிய விளையாட்டு. பழைய ஃபிஃபா தட்டு ஒன்றே போதும். விதி தெரியாதவர் இல்லை, பார்ப்பவருக்கும் விளங்கும், ஒரு கோல் விழுந்தால் வாசலில் நிற்கும் தாத்தாவும் எட்டிப் பார்ப்பார்.

தளத்திலும் இணையத்தை நம்பிப் போட்டி வைப்பதைத் தவிர்த்தார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும். ஆகவே ஒவ்வொரு 1,000 கிலோமீற்றருக்கும் போய்வர 10 மில்லிநொடி குறைந்தபட்சம் செலவாகும். குவைத்திலிருந்து அமெரிக்கக் கரைக்கு எப்படிப் பார்த்தாலும் 100 மில்லிநொடிக்குமேல் போய்விடும். அந்த நாட்களில் செய்மதி வழியாக இணைப்பு எடுத்த முன்னணி முகாம்களில் அது அரை நொடியைத் தாண்டியது. பந்தை அடிக்க அழுத்தியவன் அரை நொடி காத்திருந்தால் அது விளையாட்டே அல்ல. நமக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை, சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர்தான். ஆனால் ஒரு மண்டபத்துக்குள் அறுபது கைபேசிகள் ஒரே கோபுரத்தைப் பிடித்து இழுத்தால் வேகம் என்ன ஆகும் என்பது கோயில் திருவிழாவில் வீடியோ அனுப்பப் பார்த்தவருக்குத் தெரியும். தோற்றவன் "நெற் விழுந்துவிட்டது" என்பான், வென்றவன் இல்லை என்பான், நடுவர் யாரை நம்புவது?

இன்னொரு சிறிய விஷயம். தொலைக்காட்சிப் பெட்டி படத்தை மெருகூட்ட நேரம் எடுக்கும். அமைப்புகளுக்குள் போய் 'கேம் மோட்' என்பதைப் போட்டுவிடுங்கள். நான்கு திரையில் ஒன்று மட்டும் மந்தமாக இருந்தால் அந்தக் குழு முழுவதும் சண்டையாகும். விளையாடும் கைப்பிடிகளுக்கு (கன்ட்ரோலர்) மேசைவாரியாக நிற நாடா ஒட்டுங்கள்: சிவப்பு மேசைக்குச் சிவப்பு. இல்லாவிட்டால் ஒரு மேசையில் இருப்பவர் கைப்பிடியை இயக்க, பக்கத்து மேசையின் விளையாட்டுப் பெட்டி விழித்துக்கொள்ளும். தளத்தில் நான் முதல் நாள் கற்ற பாடம் அந்த நாடா.

மின்சாரம் உங்களுக்குப் பெரிய கவலையாக இருக்கும். ஒரு பிளேஸ்டேஷன் 4உம் 32 அங்குல எல்.ஈ.டி. திரையும் சேர்ந்து 200 வாட்டுக்குள் நிற்கும். நான்கு மேசைக்கு 800, மின்விசிறிகளையும் சேர்த்தால்கூட இரண்டு கிலோவாட் ஜெனரேட்டர் தாங்கும். கல்யாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டுபவரிடம் அது இருக்கும். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்பதைப் போட்டி தொடங்குமுன் எழுதி ஒட்டிவிடுங்கள். என் விதி இது: இடைவேளைக்கு முன் நின்றால் முதலிலிருந்து ஆட்டம், இடைவேளைக்குப் பின் நின்று, இரண்டு கோலோ அதற்குமேலோ வித்தியாசம் இருந்தால் முன்னணியில் இருப்பவருக்கு வெற்றி, மற்றப்படி மறு ஆட்டம். நியாயமா இல்லையா என்பதைவிட முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பதுதான் பையன்களுக்கு முக்கியம்.

கனடாவிலிருந்து மாமா, சித்தப்பா அனுப்பிய பெட்டிகளை இரவல் வாங்கப் போகிறீர்கள் என்றால் கவனம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. குவைத்திலும் 240 வோல்ட் என்பதால் இது எங்களுக்குத் தினசரிப் பிரச்சினை. வட அமெரிக்காவில் விற்ற எக்ஸ்பாக்ஸ் 360இன் மின்கட்டை 100 முதல் 127 வோல்ட்டுக்குத்தான் செய்யப்பட்டது. ஒரு சிப்பாய் விடுமுறை முடிந்து கொண்டுவந்த பெட்டியைச் சுவரில் செருகியதும் சின்னதாக ஒரு சத்தம், பிறகு கருகிய நாற்றம். அவன் அதைத் தூக்கிக்கொண்டு நின்ற முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மின்கட்டையின் அடியில் '100–240' என்று இருந்தால் செருகலாம். இல்லாவிட்டால் இரவல் வாங்கியவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனிக் கடினமான பகுதி. பையன்கள் உதைபந்தாட்டத்தை விட்டு ஃப்ரீ ஃபயர், பப்ஜி கேட்பார்கள். தளத்தில் சுடும் விளையாட்டுகள்தான் அதிகம் ஓடின. ஆனால் அங்கேயும் சிலர் அந்தத் திரைப்பக்கம் வரவே மாட்டார்கள். ஈராக்கில் இருந்துவிட்டு வந்த ஒருவர் வெடிச்சத்தம் பெரிதாகக் கேட்டால் எழுந்து வெளியே போய் மணலில் நிற்பார். யாரும் காரணம் கேட்டதில்லை. அதன்பின் சுடும் விளையாட்டுக்குக் காதில் மாட்டும் கருவி கட்டாயம் என்று எங்கள் மேற்பார்வையாளர் விதி வைத்தார்.

நான் அதைப் பார்த்திருந்தும் ஊரில் மறந்துவிட்டேன். கிளிநொச்சியில் மூன்றாவது முறை, பையன்கள் கெஞ்சியதால் சுடும் விளையாட்டு ஒன்றை ஒலிபெருக்கியோடு வைத்தோம். பொதுநோக்கு மண்டபத்தின் ஜன்னல்கள் திறந்திருந்தன. முதல் ஆட்டம் பாதியில், மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மா படலையடியில் வந்து நின்றார். கையில் பிடித்திருந்த சுளகில் பாதி புடைத்த அரிசி. எதுவும் பேசவில்லை. மண்டபத்தைப் பார்த்தபடி நின்றார், அவ்வளவுதான். நான் போய் ஒலியை நிறுத்திவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்றார். போர் முடிந்த 2009இல் அவர் எங்கே இருந்தார், யாரை விட்டுவிட்டு வந்தார் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையன்களுக்குத் தெரியாது, அவர்கள் பிறந்ததே அதற்குப் பிறகு. தவறு அவர்களுடையதல்ல, என்னுடையது.

ஆகவே என் முடிவு: வன்னியில் கழகத்தின் பேரால் நடக்கும் போட்டியில் சுடும் விளையாட்டு வேண்டாம். வீட்டில் தன் கைபேசியில் விளையாடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை, பொது மண்டபம் வேறு. பையன்கள் வாதாடினால் இதைச் சொல்லுங்கள். 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில்தான் ஈ-ஸ்போர்ட்ஸுக்கு முதன்முதலாகப் பதக்கம் கொடுத்தார்கள், ஏழு பதக்கப் போட்டிகள். அதில் பப்ஜி வகையும் இருந்தது. ஆனால் அங்கே ஆளை ஆள் சுடவில்லை. வாகனம் ஓட்டி, இலக்குப் பலகைகளைச் சுடும் போட்டியாக அதை மாற்றித்தான் சேர்த்தார்கள். ஆசியாவின் மிகப் பெரிய மேடையே அப்படி மாற்றியபோது நம் சனசமூக நிலையம் மாற்றுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

தேதியும் இதே கணக்கில் வரும். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்கள் வரும் மே மாத நடுப்பகுதி வேண்டாம், நவம்பர் கடைசி வாரம் வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய நாட்களில் ஊரே அங்கே நிற்கும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் தாய்மார் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஓகஸ்ட் விடுமுறை நல்லது. வெயில் கடுமையாக இருக்கும், தகரக் கூரை மண்டபமானால் பெட்டிகள் சூடேறி நின்றுவிடும். அவற்றைத் தரையில் வைக்காமல் மேசையில், பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். செம்மண் தூசியை உள்ளிருக்கும் விசிறி இழுத்துக்கொள்ளும் என்பதால் மண்டபத்தைக் காலையில் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள்.

தளத்தில் கற்றவற்றில் ஊருக்கு நான் கொண்டுவந்த மிகப் பெரிய பொருள் எது என்று கேட்டால், கைகளைப் பற்றியது. காயப்பட்ட படையினர் விளையாடுவதற்காக அமெரிக்காவில் வார்ஃபைட்டர் என்கேஜ்ட் என்ற சிறிய தொண்டு அமைப்பு ஒவ்வொருவரின் உடலுக்கும் ஏற்றபடி கைப்பிடிகளை மாற்றிச் செய்து கொடுத்தது. அந்த வேலையைப் பார்த்த மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர்கள் அத்தகைய அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை உருவாக்கி 2018இல் விற்பனைக்கு விட்டார்கள். இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள், பின்னால் வெளி ஆளிகளைச் செருக 19 துளைகள். காலால் மிதிக்கும் ஆளி, முழங்கையால் தள்ளும் ஆளி, எதுவும் செருகலாம். விலை 100 டாலர் அளவில் இருந்தது.

நம் மாவட்டங்களில் கை இல்லாதவர், விரல் இல்லாதவர் எத்தனை பேர் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கருவி இல்லாமலே பலதைச் செய்யலாம். பிளேஸ்டேஷன் 4இன் அமைப்புகளில் 'அக்ஸசிபிலிட்டி' என்ற பகுதிக்குள் எந்தப் பொத்தானின் வேலையையும் இன்னொன்றுக்கு மாற்றலாம். உதைபந்தாட்ட விளையாட்டிலேயே இரண்டு பொத்தானால் மட்டும் ஆடும் முறை இருக்கிறது. எங்கள் நான்காவது போட்டிக்கு ஓர் அண்ணா வந்தார், வலக்கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது. பார்க்கத்தான் வந்தேன் என்றார். பக்கத்துத் தச்சர் பலகைத் துண்டில் கைப்பிடி அமரும்படி குடைந்து, அடியில் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டித் தந்தார், வழுக்காமல் இருக்க. இடக்கை விரல்களால் ஆளை ஓட்டி, மணிக்கட்டின் நுனியால் பொத்தானை அழுத்தினார். முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. மூன்றாவதில் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் போட்டு ஒன்றுக்கு ஒன்று என்று முடித்தார். வெள்ளிக் கிண்ணத்தில் காலிறுதியோடு நின்றார், ஆனால் இறுதியாட்டம் முடியும்வரை மண்டபத்தை விட்டு அசையவில்லை. பையன்களுக்குப் பின்னால் நின்று யாருக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த போட்டிக்கு நடுவர் அவர்தான்.

இப்போது முகாமின் மண்டபம். கேட்க வேண்டாம், தம்பி.

அவர்கள் தரமாட்டார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, தந்துவிடுவார்கள். குவைத்தில் தளத்துக்குள் போட்டி வைத்தோம், ஏனென்றால் விளையாடியவர்கள் தளத்திலேயே வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு அது தெரு, வீடு, ஊர். நமக்கு முகாம் என்ற சொல்லே வேறு பொருள் தரும். 2009இல் போரால் இடம்பெயர்ந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மெனிக் பாம் முள்வேலிக்குள் இருந்ததும் முகாம்தான், 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. கேப்பாப்பிலவு மக்கள் 2017இல் தங்கள் காணியைக் கேட்டுத் தெருவில் இருந்ததும் ஒரு முகாமின் வாசலில்தான். அந்த வாசலுக்குள் தன் பிள்ளையை விளையாட அனுப்பும் தாய் அன்று மாலைவரை நிம்மதியாக இருக்கமாட்டாள். போட்டிக்குப் பெயர், வயது, கைபேசி இலக்கம் எல்லாம் எழுதும் தாள் யார் கையில் போகும் என்றும் அவள் யோசிப்பாள், அதைத் தவறு என்று நாம் சொல்ல முடியாது. மகிழ்ச்சிக்கான போட்டியும் ஆள்சேர்க்கும் போட்டியும் வேறு வேறு என்று மேலே சொன்னேன். அமெரிக்காவிலேயே அந்தக் கோடு எவ்வளவு எளிதாகக் குழம்பியது என்பதையும் பார்த்தோம். அங்கே இருக்கும் சிப்பாய்களில் உதைபந்தாட்டம் விரும்பும் இளைஞர்கள் இருப்பார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இடம் நம்முடையதாக இருக்கட்டும். பாடசாலை மண்டபத்தை அதிபரிடம் கேளுங்கள், சனசமூக நிலையத்தைப் பிரதேச சபையிடம் கேளுங்கள். கிராம அலுவலருக்கு ஒரு கடிதம் முன்கூட்டியே போகட்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. நுழைவுக் கட்டணம் வாங்கி அதையே பரிசாகக் கொடுப்பது பந்தயம் ஆகிவிடும், வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் அனுசரணை தந்தால் அதை உணவுக்கும் பஸ் செலவுக்கும் செலவிடுங்கள். பரிசுக்கு உண்மையான உதைபந்து ஒன்று போதும், வெள்ளிக் கிண்ணத்துக்கும் அதே அளவு பந்து. நேரலை விடுவதானால் பெற்றோரிடம் கேட்காமல் பிள்ளைகளின் முகத்தைக் காட்டாதீர்கள், திரையை மட்டும் காட்டுங்கள்.

என்னிடம் பிளேஸ்டேஷன் 4 இரண்டு இருக்கின்றன, இரண்டும் 230 வோல்ட்டில் ஓடுபவை. ஓகஸ்டில் வைப்பதானால் இரண்டு கிழமை முன்பே சொல்லுங்கள், பரந்தனிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து தருகிறேன். நிற நாடாவையும், தச்சர் குடைந்து தந்த அந்தப் பலகையையும் சேர்த்துக் கொண்டுவருவேன். உங்கள் ஊரில் யாருக்குத் தேவைப்படும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கதவில் தாள் ஒட்டுமுன் அவர் வீட்டுக்குப் போய் முதலில் அவர் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.